மலையேறும் பழைய ஜீப்புக்கு முதல் செலவு பிரேக்குக்கே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜமுனாமரத்தூர், புதூர்நாடு, பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை என்று ஜவ்வாது மலையின் எந்தப் பக்கம் ஏறினாலும் எம்.எம்.540, மேஜர், கமாண்டர் வகை மகிந்திரா ஜீப்கள் இன்றும் சாமை மூட்டையும் புளி மூட்டையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து இளைஞர்கள் பலர் இதே வண்டிகளைப் பழைய விலைக்கு வாங்கித் தாங்களே பழுது பார்க்கிறார்கள். வரவேற்க வேண்டிய விஷயம். இந்த வண்டிகளில் கம்ப்யூட்டரும் சென்சாரும் கிடையாது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் பாதிக்கு மேற்பட்ட வேலையை வீட்டு வாசலிலேயே முடிக்கலாம்.

ஆனால் செலவு செய்யும் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் 31 அங்குல டயர், அடுத்து நீள ஷேக்கிள் (ஸ்பிரிங் பட்டையைச் சேஸிஸோடு இணைக்கும் இரும்புத் துண்டு), அதற்கடுத்து கூரை மேல் எல்.இ.டி. விளக்கு. அதே வண்டியின் பின் பிரேக் டிரம்மைக் கழற்றினால், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து, டிரம்மை உரசி நிறுத்த வேண்டிய ஷூவெல்லாம் நனைந்திருக்கிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பெரிய டயரும் விளக்கும் வண்டியை நிறுத்தப்போவதில்லை. பிரேக், ஸ்டீரிங், ரேடியேட்டர் மூன்றும் ஒழுங்கான பிறகுதான் மற்றவை. இவற்றில் வீட்டில் செய்யக்கூடியதை எழுதுகிறேன். தங்கள் நாளிதழில் வெளியிட்டால் பலருக்கு உதவும்.

வேலை தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கை. இந்த ஜீப்களில் ஆக்ஸில், சேஸிஸ் பக்கத்து நட்டு போல்ட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு. பியூஜோ வழி வந்த 2112 சி.சி. டீசல் எஞ்சினில் மில்லிமீட்டர் அளவு. அரை அங்குல நட்டில் 13 ஸ்பேனர் போட்டால் நுழையும், ஆனால் தளர்வாக நின்று முனையை மழுக்கிவிடும். முக்கால் அங்குலமும் 19-ம் போன்ற சில அளவுகள் மட்டுமே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். ஆகவே இரண்டு செட்டும் வேண்டும். மிகப் பழைய மாடல்களில் இடப்பக்கச் சக்கரத்து நட்டு இடது மரை. ஸ்டட் முனையில் ‘எல்’ குறி இருக்கிறதா என்று பார்க்காமல் பைப் மாட்டித் திருகினால் ஸ்டட் முறியும்.

இரண்டாவது, ஜாக்கி. சி.ஜே. எனும் பழைய மாடல் ஜீப்களில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பாக்ஸின் சுழற்சியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், அந்தச் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அந்த வண்டியில் ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினால், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுழல, தரையில் உள்ள சக்கரம் மறுபக்கம் உருண்டு வண்டி ஜாக்கியை விட்டு நகரும். இரண்டு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் அதற்கு வழிவிடுகிறது. எனவே முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து அடைத்து, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்த பிறகே கீழே கை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்ட் ஆகாது. பாரத்தில் சொல்லாமல் நொறுங்கும்.

இனி பிரேக். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு வந்துவிடும். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. ஜமுனாமரத்தூரிலிருந்து அமிர்தி பக்கமாகவோ ஆலங்காயம் பக்கமாகவோ பாரத்தோடு இறங்கி, வழி முழுக்க பிரேக்கிலேயே கால் வைத்தால், டிரம் சூடு வீல் சிலிண்டருக்கு ஏறிப் பழைய ஆயில் ஆவியாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் மேலே நன்றாக இருந்த பெடல் பாதி மலையில் தரைக்குப் போகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுக்க மாற்றினால் இந்த ஆபத்து பெரும்பாலும் நீங்கும். ஏறுவதற்குப் போட்ட கியரிலேயே இறங்குவது மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மாற்றுவதற்கு ஒரு லிட்டர் ஆயில், ஒரு முழம் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப், காலி பாட்டில், பெடல் மிதிக்க ஒரு ஆள் போதும். பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்க வேண்டும். நம் வண்டிகளில் அது பின் இடது. அடுத்து பின் வலது, முன் இடது, முன் வலது. சக்கரத்தின் பின்தட்டில் உள்ள, காற்றை வெளியேற்றும் நிப்பிளில் டியூபை மாட்டி, மறுமுனையை இரண்டு விரல் கடை ஆயில் உள்ள பாட்டிலில் முக்கி வையுங்கள். மிதிப்பவர் மெதுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, பெடல் கீழே தட்டும் முன் மூட வேண்டும். மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்கலாம். இந்த வரிசை தவறினால் வெளியே வந்த காற்று திரும்ப உள்ளே போகும். டியூபில் முதலில் கறுத்த ஆயில் வரும், பிறகு குமிழிகள், கடைசியில் குமிழியில்லாத தெளிந்த ஆயில். நாலைந்து மிதிக்கு ஒருமுறை மேல் டப்பாவைப் பார்த்து நிரப்புங்கள். டப்பா ஒருமுறை வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பெயின்ட் மீது சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

வீல் சிலிண்டர் ரப்பர்களை மாற்றும்போது பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதிலும் கழுவக் கூடாது. அந்த எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிச் சிலிண்டருக்குள் இறுகிவிடும். புது பிரேக் ஆயிலிலோ ஸ்பிரிட்டிலோ கழுவுங்கள். சிலிண்டர் சுவரில் நகம் தடுக்கும் குழி இருந்தால் ரப்பர் கிட் போட்டுப் பயனில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும். ஷூ லைனிங் ரிவெட் தலைக்கு மேல் ஒரு மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். ரிவெட் தேய்த்த டிரம்மில் வளையம் வளையமாகப் பள்ளம் விழும். லேத்தில் கடைந்துகொள்ளலாம், ஆனால் டிரம்முக்குக் குறித்த அதிகபட்ச உள்விட்டத்தைத் தாண்டக் கூடாது. மெலிந்த டிரம் சூட்டில் விரியும்.

ஷூ நெருக்கம் வைப்பது எளிது. சக்கரத்தைத் தூக்கி, பின்தட்டில் உள்ள அட்ஜஸ்டரைச் சக்கரம் நிற்கும் வரை இறுக்கி, இலேசாக உரசிக்கொண்டு சுற்றும் வரை பின்வாங்குங்கள். நான்கிலும் ஒரே அளவு உரசல் வேண்டும். பிரேக் பிடிக்கும்போது வண்டி இடப்பக்கம் இழுத்தால், பலர் இடப்பக்கத்தைத்தான் பிரிக்கிறார்கள். இழுக்கும் பக்கம் பெரும்பாலும் சரியாகத்தான் வேலை செய்கிறது. வலப்பக்கத்தில் சிலிண்டர் சிக்கியிருக்கிறதா, ஷூவில் எண்ணெய் பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வண்டி ஓட ஓடப் பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டு, ஆறியதும் விட்டால், பெடலில் வெறும் ஆட்டம் இல்லை என்று பொருள். மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் முழுதாகப் பின்னுக்கு வராமல், ஆயில் திரும்பும் சிறு துளையை ரப்பர் மூடிக்கொள்கிறது. புஷ் ராடைக் கொஞ்சம் குறைத்து, பிஸ்டனைத் தொடும் முன் பெடல் சற்று சும்மா நகரும்படி வைத்தால் தீரும்.

பின் டிரம்மில் கியர் ஆயில் வடிந்தால் ஆக்ஸில் சீலை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். ஆக்ஸில் ஹவுசிங் மேல் ஒரு சின்ன பிரீதர் (காற்றுப்போக்கி) இருக்கும். சேறு அடைத்த பிரீதரால் உள்ளே சூடான காற்றுக்கு வழியின்றி அழுத்தம் ஏறி, எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளுகிறது. பிரீதர் அடைபட்டபடி இருந்தால் புதுச் சீலும் சில மாதத்தில் ஒழுகும். அதைக் கழற்றி டீசலில் கழுவி ஊதிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. ஓடைகளைக் கடப்பவர்கள் பிரீதரில் ஒரு ரப்பர் டியூப் மாட்டி சேஸிஸுக்கு மேல் உயர்த்திக் கட்டிவிடலாம். சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கியதும் உள்காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சுவதையும் இது தடுக்கும்.

மேம்பாடு என்று காசு செலவிட நினைப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் மேம்பாடும் இங்கேதான் இருக்கிறது. பழைய ஜீப்களின் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு. பிந்தைய மாடலின் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரையும், மிதிக்கும் விசையைக் கூட்டும் பூஸ்டரையும் பொருத்தினால், ஒரு சுற்று போனாலும் மற்றது வண்டியை நிறுத்தும். இதில் இரண்டு இடத்தில் தவறு நேர்கிறது. டீசல் எஞ்சினில் பூஸ்டருக்குத் தேவையான வேக்கம் (வெற்றிடம்) தானாக வராது; ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வேக்கம் பம்ப் வேண்டும். சோதிக்க, எஞ்சினை நிறுத்தி பெடலைப் பல முறை மிதித்து, காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அடுத்தது, முன்பக்கம் டிஸ்க் போட்டவர்கள் டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொள்வது. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரின் வாயில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு உண்டு. அது டிஸ்க்கை எப்போதும் உரசவைத்துச் சூடேற்றும். டிஸ்க்குக்குப் போகும் வழியில் அந்த வால்வு இருக்கக் கூடாது.

ஸ்டீரிங்குக்கு வருவோம். ஐம்பது, அறுபது வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் முன் சக்கரங்கள் இரண்டும் படபடவென்று அடித்து ஸ்டீரிங்கைக் கையில் நிற்க விடாமல் உதறும் நோய் பழைய ஜீப்களுக்குப் பொது. உடனே கடையில் ஸ்டீரிங் டேம்பர் வாங்கிப் போடுகிறார்கள். டேம்பர் உதறலை மறைக்கும், காரணம் உள்ளேயே வளரும்.

காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி இது. முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் கை வைத்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங் தளர்வு. நிற்காவிட்டால், சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங். பக்கவாட்டில் கை வைத்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால், இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனை மூட்டான டை ராட் எண்ட். தரையில் நிற்கும் வண்டியில் ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமும் சிறிது அசைக்க, கீழே பார்ப்பவருக்கு எந்த மூட்டு முதலில் சும்மா நகர்கிறது என்பது தெரிந்துவிடும்.

வீல் பேரிங்குக்குப் பழைய முறையே போதும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுகும் வரை இறுக்கி, ஆறில் ஒரு சுற்று பின்வாங்கி, லாக் வாஷர் வைத்து வெளி நட்டைப் பூட்டுங்கள். கிங் பின் பேரிங் நெருக்கம் மேல் மூடிக்கு அடியில் உள்ள ஷிம் எனும் மெல்லிய தகடுகளால் வருகிறது. தேய்ந்த பேரிங்கில் ஷிம் எடுத்துப் பயனில்லை. உருளை ஓடும் கிண்ணத்தில் கோடு கோடாகத் தழும்பு இருந்தால் பேரிங்கையே மாற்ற வேண்டும். நன்றாக இருந்தால் மிக மெல்லிய ஷிம் ஒன்றை மட்டும் எடுத்து மூட்டிப் பார்த்து, போதாவிட்டால் அடுத்ததை எடுங்கள். அளவுக்கு மேல் இறுகினால் திருப்பத்தில் ஸ்டீரிங் தானாக நேராகாது.

டோ-இன், அதாவது முன் சக்கரங்களின் முன்பக்கம் சற்று உள்நோக்கி இருக்கும் அளவைப் பார்க்க அலைன்மென்ட் மெஷின் தேவையில்லை. இரண்டு முன் டயரின் நடுவிலும், முன்பக்கம் ஹப் உயரத்தில், சாக்பீஸால் மெல்லிய கோடு போட்டு இடைவெளியை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வண்டியை முன்னோக்கித் தள்ளி, அதே கோடுகள் பின்பக்கம் ஹப் உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளங்கள். முன் அளவு பின் அளவைவிட ஓரிரு மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் மாடலின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். வண்டியைப் பின்னோக்கித் தள்ளி அளந்தால் மூட்டுகளின் ஆட்டம் எதிர்ப்பக்கம் போய்க் கணக்கு தப்பும். முன்னோக்கியே தள்ள வேண்டும்.

மூன்றாவது ரேடியேட்டர். இது நம் ஊருக்கே உரிய பிரச்சினை. வேலூர் வெயில் ஒரு பக்கம். அதைவிடக் கெடுதல் செய்வது தண்ணீர். வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்திருக்கிறது என்பது தங்கள் வாசகர்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் சூடாகும்போது சுண்ணாம்பு படிகிறது, உப்பு உலோகத்தை அரிக்கிறது. தண்ணீர் ஆவியாகிக் குறைய, நாம் மறுபடி அதையே ஊற்ற, ஒவ்வொரு முறையும் படிவு கூடுகிறது. வெளியே பார்த்தால் ரேடியேட்டர் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே பாதிக் குழாய்கள் அடைத்திருக்கும். சமதரையில் ஓடும் வண்டி மலையில் மட்டும் கொதிப்பது இதனால்தான். கண்டுபிடிக்க, ஓடி நின்ற வண்டியில் எஞ்சினை அணைத்து, விசிறி நின்ற பிறகு ரேடியேட்டரின் முகத்தில் இடம் இடமாகக் கையை அருகில் வைத்துப் பாருங்கள். சூடில்லாத பட்டை எங்கே இருக்கிறதோ அங்கே ஓட்டமில்லை.

பித்தளை ரேடியேட்டரானால், இலேசான படிவை வீட்டிலேயே கரைக்கலாம். பழைய தண்ணீரை வாளியில் பிடித்து அளந்துகொள்ளுங்கள். உங்கள் வண்டியின் கொள்ளளவு அதுதான். லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் சிட்ரிக் ஆசிட் கலந்த நீரை நிரப்பி, எஞ்சின் சூடேறியபின் அரை மணி நேரம் ஐடிலில் ஓடவிட்டு, நன்றாக ஆறவிட்டு வடித்துவிடுங்கள். பிறகு ஒரு கைப்பிடி சமையல் சோடா கலந்த நீரை ஐந்து நிமிடம் ஓட்டி வடித்து, தெளிந்த நீர் வரும் வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டைச் சிலர் ஊற்றுகிறார்கள். அது ஈயப்பற்றையும் வாட்டர் பம்பையும் தின்றுவிடும். சிட்ரிக் போட்ட பிறகு ஒரு பழைய ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கினால், அதுவரை ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது படிவுதான். அப்படிப்பட்டதையும், முற்றாக அடைத்ததையும் கடையில் கொடுத்து, மேல் டேங்கைப் பிரித்துக் குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து பற்றவைக்க வேண்டும்.

பிறகு ஊற்றுவது பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும். நம் ஊரில் உறைபனி இல்லை. மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் போதும், பாதிக்குப் பாதியும் தவறில்லை. இதன் முதல் வேலை துருவைத் தடுப்பது. வழியில் தண்ணீர் குறைந்தால் ஊற்ற ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் இதே கலவையை வண்டியிலேயே வைத்திருங்கள். கிராமத்தில் டிஸ்டில்ட் வாட்டர் கிடைக்காவிட்டால், முதல் மழை கூரையைக் கழுவிய பிறகு பிடித்த மழைநீர் போர் தண்ணீரைவிட எவ்வளவோ மேல்.

ரேடியேட்டர் மூடியை அலட்சியமாக விடுகிறோம். 7 பி.எஸ்.ஐ. மூடி சரியாக அழுத்தம் பிடித்தால் தண்ணீரின் கொதிநிலை சுமார் 11 டிகிரி உயர்கிறது. ரப்பர் வெடித்த மூடியில் அந்த 11 டிகிரியும் இல்லை. எஞ்சின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாத தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் இங்கே வழக்கமாகிவிட்டது. அது இல்லாத எஞ்சின் சமதரையில் குளிர்ந்தே ஓடி, டீசல் முழுக்க எரியாமல் புகை கூடி, லைனர் தேயும். பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடேற்றினால், அதன் மேல் அச்சிட்ட டிகிரி அளவில் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள். மலையில் லோ கியரில் ஏறும்போது காற்று வருவது விசிறியால் மட்டுமே. ஆகவே விசிறியைச் சுற்றியுள்ள தகட்டுக் கூடு கழன்றுபோயிருந்தால் மறுபடி பொருத்துங்கள். பெல்ட்டை நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அமுங்கலாம். கிரில்லுக்கு முன் வரிசையாக மாட்டும் விளக்குகள் இந்தக் காற்றைத்தான் மறைக்கின்றன.

கொதித்துவிட்டால் ஓரங்கட்டி, மூடியைத் தொடாமல் முக்கால் மணி நேரமாவது பொறுங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட்டில் கீறல் விழும். மறுநாள் காலை, மூடியைத் திறந்து வைத்துக் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.

எண்ணெய்களில் நிறையச் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பெட்டியானாலும் வடிக்கும் நட்டைத் திறக்கும் முன் நிரப்பும் நட்டு கழல்கிறதா என்று பாருங்கள்; எண்ணெயை வடித்துவிட்டு நிரப்ப வழியில்லாமல் நிற்கும் வண்டிகள் உண்டு. நிரப்பும் துளையில் வழியும் வரை ஊற்றினால் அளவு சரி. வெண்கல சிங்க்ரோ (கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் வளையம்) உள்ள கியர் பாக்ஸுக்கு ஜி.எல்.4 தரத்து 80டபிள்யூ-90. ஜி.எல்.5 எண்ணெயின் கந்தகச் சேர்க்கை வெண்கலத்தை அரிக்கக்கூடும். அதை டிஃபரன்ஷியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓடை கடந்த பிறகு வடிப்பு நட்டைச் சிறிது தளர்த்தினால் அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும். எண்ணெய் வெளுத்த பழுப்பாக இருந்தால் முழுக்க மாற்ற வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூட்டுகளின் கிராஸ்களுக்கு நான்கு பக்கச் சீலிலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை கிரீஸ் கன் அடியுங்கள். ஷாஃப்டைப் பிரிக்கும் முன் இரு பாதியிலும் பெயின்ட் குறி வையுங்கள். ஒரு பல் மாறிச் சேர்த்தால் அதிர்வு வந்து டிரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங்கைக் கெடுக்கும்.

மலைப்பாதைப் புழுதிக்கு எண்ணெய்த் தொட்டி வகை ஏர் ஃபில்டர் நல்லது, ஆனால் கோட்டுக்கு மேல் எஞ்சின் ஆயில் ஊற்றக் கூடாது. மிகுதி எண்ணெயை எஞ்சின் உறிஞ்சி அதையே எரித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் வெறி பிடித்து ஓடும். அப்படி ஆனால் காற்று வாயைப் பலகையால் அடைக்க வேண்டும்; கையால் அல்ல. அல்லது பிரேக்கை மிதித்து டாப் கியர் போட்டு கிளட்ச்சை விட்டு அணைக்க வேண்டும். டீசல் ஃபில்டர் மாற்றியபின் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பேட்டரியைத் தீர்க்காதீர்கள். ஃபில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை கைப் பம்ப்பை அடித்து மூடி, பிறகு பம்ப்பில் உள்ள திருகில் அதையே செய்தால் போதும்.

இனிதான் விளக்கு. வெளிச்சம் மங்கல் என்று 100 வாட் பல்பு போடும் முன், ஹெட்லைட் எரியும்போது பேட்டரியிலும் பல்பு சாக்கெட்டிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் குற்றம் பழைய ஒயரிலும் சுவிட்சிலும் இருக்கிறது. இரண்டு 60 வாட் பல்பு 10 ஆம்பியர் இழுக்கும். அவ்வளவும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சுற்றி வருகிறது. ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று என்று இரண்டு நான்குமுனை ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) போடுங்கள். ரிலேயில் 30 என்று எண் உள்ள முனைக்கு பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. ஒயர், 87-லிருந்து பல்புகளுக்கு அதே ஒயர், 85 எர்த், 86-க்குப் பழைய ஹெட்லைட் ஒயர். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினாலே பாதி வண்டிகளில் வெளிச்சமும் செல்ஃபும் சரியாகும்.

டயருக்கு ஒரு கணக்கு. 235/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 733 மி.மீ.; 31 அங்குல டயர் 787 மி.மீ. ஏழு சதவீதம் உயர்வு. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-ல் ஓடும். ஏறும் இழுவை அதே அளவு குறையும். நிறுத்துவதற்கு பிரேக் அதே அளவு கூடுதலாகப் பிடிக்க வேண்டும். டிரம் பிரேக் வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை. பழைய டயர் வாங்குவோர் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2318 என்றால் 2018-ன் 23ஆம் வாரம். பூ எவ்வளவு இருந்தாலும் பக்கச்சுவரில் வெடிப்பு தெரிந்தால் வேண்டாம். முன்பக்கம் நீள ஷேக்கிள் போட்டால் ஆக்ஸிலின் சாய்வு மாறி, நேர்ச்சாலையில் வண்டி அலையும். உயரம் குறைந்திருந்தால் ஸ்பிரிங் பட்டைகளைப் பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றி, புது சென்டர் போல்ட், புது யூ போல்ட் போட்டு, 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். தளர்ந்த யூ போல்ட்டால் சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸிலே பின்னுக்கு நகரும்.

சட்டத்தையும் மறந்துவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. முன்பக்க இரும்புத் தடுப்புக் கம்பிகள் கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. எஞ்சின் மாற்றினால் முன்அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதிவு முடிந்து 15 ஆண்டு ஆன வண்டிகளைத் தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) காட்டும்போது இவையெல்லாம் கேள்வியாகும். பிரேக்கில் பெரிய மாற்றம் செய்ய நினைப்பவர்களும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

தங்கள் நாளிதழ் வழியாக மூன்று மாவட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒடுகத்தூரிலும் ஆலங்காயத்திலும் மலை ஜீப்களுக்கு இலவசச் சோதனை முகாம் நடத்தலாம். அரசு ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களும் ஆசிரியர்களும் வந்தால் போதும். நான்கு டிரம்மையும் கழற்றி ஷூ, சிலிண்டர் பார்ப்பது, பிரேக் ஆயில் மாற்றுவது, கிங் பின் ஆட்டம், டோ-இன் அளப்பது, ரேடியேட்டர் மூடி சோதிப்பது ஆகிய ஐந்து வேலையை மட்டும் செய்யட்டும். அபராதம் விதிக்க யாரும் வரமாட்டார்கள் என்று முன்கூட்டியே அறிவித்தால்தான் மலைக்காரர்கள் வண்டியைக் கொண்டுவருவார்கள். ஆயிலுக்கும் ரப்பர் கிட்டுக்கும் வண்டிக்காரர்களே பணம் கொடுத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்.